ஆரம்பகால அமெரிக்க இலக்கியம்: பதினோராம் வகுப்பில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு ஆங்கிலம் என்றாலே அமெரிக்க இலக்கியம்தான். பள்ளி திறந்ததும் முதலில் வருவது மிகப் பழைய எழுத்துகள். பூர்வகுடிகளின் படைப்புக் கதைகள், பிளிமத் குடியேற்றத்தின் வரலாறு, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய கண்டிப்பான கிறித்தவர்களான பியூரிட்டன்களின் கவிதைகள், நடுங்கவைக்கும் ஒரு பிரசங்கம், அப்புறம் விடுதலைப் போர்க்காலத்துச் சொற்பொழிவுகளும் கடிதங்களும். ஆண்டின் மிகக் கடினமான பகுதி முதல் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. வாக்கியம் நீளம், எழுத்துக்கூட்டல் வேறு, எல்லா இடத்திலும் கடவுள். பிள்ளைகள் மிரண்டுபோய் இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். மதிப்பெண்ணும் எப்படியோ வந்துவிடுகிறது, ஆனால் அந்த எழுத்து அவர்கள் பக்கம் வந்து சேர்வதே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் பலவகையாகத் தோன்றினாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. இந்த எழுத்துகளில் எதுவும் பாடப்புத்தகத்துக்காக எழுதப்பட்டதல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர், யாரையோ பார்த்து, ஏதோ ஒன்றை நடத்துவதற்காகச் சொன்னது. சங்கப் பாட்டைப் படிக்கும்போது இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, யார் காதில் விழவேண்டும் என்று சொல்லப்பட்டது என்று பார்க்காமல் நாம் பொருள் சொல்வதில்லை. அதே கேள்வியை இங்கே கேட்காமல் விடுவதால்தான் அத்தனை குழப்பமும் வருகிறது.

பியூரிட்டன்களை 1850-லிருந்தும் 1953-லிருந்தும் படிப்பது

பியூரிட்டன்களைப் பற்றிய கட்டுரையில் பல பிள்ளைகள் தரும் சான்று, பியூரிட்டன்கள் எழுதியதே அல்ல. நத்தானியல் ஹாதோர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலும் ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகமும்தான். இரண்டும் அதே ஆண்டில் பாடமாக வருவதால் இந்தக் கலப்பு எளிதில் நடந்துவிடுகிறது.

ஹாதோர்னின் நாவல் வெளிவந்தது 1850-இல். கதை நடப்பது 1640-களின் பாஸ்டனில். இடையில் இருநூறு ஆண்டு. 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியம் செய்ததாகச் சிலர்மேல் தொடுத்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவருக்கு அவர் எள்ளுப்பேரன். அந்தக் குடும்ப பாரத்தோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து திரும்பிப் பார்த்து எழுதினார். மில்லரின் நாடகம் 1953. கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு, கூட்டாளிகளின் பெயர்களைச் சொல்லச் சொன்ன காலம் அது. 1956-இல் மில்லரையே அந்தக் குழு கூப்பிட்டது. நாடகத்துக்காக அவர் மாற்றியது நிறைய. அபிகெயில் வில்லியம்ஸ் உண்மையில் பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி, நாடகத்தில் பதினேழு வயதுப் பெண். ஜான் ப்ராக்டர் உண்மையில் அறுபதை ஒட்டிய வயதுக்காரர், நாடகத்தில் முப்பதுகளில் இருக்கும் ஆள். அவர்கள் இருவருக்கும் உறவு இருந்ததற்கு எந்த ஆவணமும் இல்லை.

இன்னொன்று. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்கில் குற்றத்தை ஒப்பவும் மறுக்கவும் முன்வராத கைல்ஸ் கோரி என்ற முதியவர்மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலும் சிலர் இறந்தார்கள். எரித்ததாக எழுதும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டும் பெரிய படைப்புகள், படிக்கத்தான் வேண்டும். ஆனால் மில்லரின் நாடகம் 1950-களின் அச்சத்துக்குச் சான்று, ஹாதோர்னின் நாவல் 1850-இன் மனசாட்சிக்குச் சான்று. பியூரிட்டன்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்ல பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்டும் மாசசூசெட்ஸ் ஆளுநர் வின்த்ரப்பும் கவிஞர் பிராட்ஸ்ட்ரீட்டும் எழுதியதே நம் கையில் இருக்கிறது.

பில்கிரிம்களையும் பியூரிட்டன்களையும் ஒன்றாக்கிவிடுவதும் இதோடு சேர்ந்தது. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் வந்த பில்கிரிம்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே பிரிந்தவர்கள். 1630-இல் ஜான் வின்த்ரப் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பியூரிட்டன்கள் அந்தத் திருச்சபையை உள்ளே இருந்தபடியே தூய்மைப்படுத்த நினைத்தவர்கள். இவர்கள் மத சுதந்திரத்துக்காக வந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. தங்கள் முறைப்படி வழிபடுவதற்கான சுதந்திரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது, மற்றவர்களுக்கு அதைத் தரும் எண்ணம் இல்லை. மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்ஸனையும் குடியேற்றத்தை விட்டே வெளியேற்றினார்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

நல்லது செய்தால் சொர்க்கம் என்று எழுதுவது

இந்தத் தவறு நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. பாவம், புண்ணியம், அதற்கேற்ற பலன் என்ற கணக்கு நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. அதனால் ‘பியூரிட்டன்கள் சொர்க்கம் போவதற்காகக் கடுமையாக உழைத்து ஒழுக்கமாக வாழ்ந்தார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மனிதர்கள் இதைப் படித்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள்.

அவர்கள் கிறித்தவச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் வழி வந்தவர்கள். யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. மனிதர் செய்யும் எந்த நற்செயலும் அந்தத் தீர்மானத்தை மாற்றாது. நல்ல நடத்தை மீட்புக்குக் காரணமாகாது, மிஞ்சிப்போனால் மீட்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அடையாளத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது. இந்த நிச்சயமின்மை உள்ளே எரிந்துகொண்டே இருந்ததால்தான் அவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், தங்கள் மனத்தைத் தாங்களே குடைந்து பார்த்தார்கள், வீடு எரிந்தாலும் பிள்ளை இறந்தாலும் ‘இதில் கடவுள் எனக்கு என்ன சொல்கிறார்’ என்று கேட்டார்கள். அந்தக் காலத்து எழுத்தின் விசையே இந்தப் பதற்றம். இதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கண்டிப்பான கிறித்தவர்கள் மட்டும்.

வேதாகமப் பரிச்சயம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடங்கலும் உண்டு. இந்த எழுத்தாளர்கள் வேதாகமத்தை மேற்கோள் குறி போடாமலே பேசுவார்கள். யோபுவின் கதை, காயீன், எகிப்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறியது, மத்தேயு நற்செய்தியின் மலைப்பிரசங்கம் ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டாலே பாதி வழி தெளிந்துவிடும். ஆங்கிலத்தில் படிக்கக் கஷ்டமாக இருந்தால் தமிழ் வேதாகமத்திலேயே படிக்கச் சொல்லுங்கள், தப்பே இல்லை. வின்த்ரப் தன் பிரசங்கத்தில் புதுக் குடியேற்றத்துக்கு உவமையாகச் சொன்ன மலைமேல் இருக்கும் பட்டணம் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலிருந்து வருவது. அதில் பெருமையைவிட எச்சரிக்கைதான் அதிகம் என்பது அவர் தொடர்ந்து சொல்வதைப் படித்தால் புரியும். நாம் தவறினால் உலகம் முழுக்க நம்மைக் கண்டு நகைக்கும் என்கிறார்.

கவிதையின் கடைசி வரியை மட்டும் நம்புவது

ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் வீடு 1666 ஜூலை 10 அன்று எரிந்துபோனது. அதைப் பற்றி அவர் எழுதிய கவிதை ஏறக்குறைய எல்லாப் பாடத்தொகுப்புகளிலும் இருக்கிறது. ‘பியூரிட்டன்கள் பொருளாசை இல்லாதவர்கள் என்பதை இந்தக் கவிதை காட்டுகிறது’ என்பதுதான் அதற்கு வழக்கமாக வரும் விடை. கவிதையின் முடிவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கடவுள் கொடுத்தார், கடவுள் எடுத்துக்கொண்டார், எனக்கு மேலே ஒரு வீடு இருக்கிறது என்று முடிகிறது.

ஆனால் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லாம் அவருடையதுதான், என்னுடையது அல்ல என்று ஒத்துக்கொண்ட பிறகும் அவர் கண் அந்த இடிபாட்டின் பக்கமே போகிறது. இங்கேதான் உட்காருவேன், இங்கேதான் படுத்திருப்பேன், இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தாளி யாரும் உட்கார மாட்டார், மேசையில் யாரும் சாப்பிட மாட்டார், பழங்கதை பேச மாட்டார், மெழுகுவத்தி எரியாது என்று அந்த வீட்டிடமே சொல்கிறார். அதற்குப் பிறகுதான் தன்னையே அதட்டிக்கொண்டு மேல்வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். முடிவில் இந்த உலகத்தின்மேல் எனக்கு இனி ஆசை இல்லை என்று அவர் அறிவிப்பதில்லை. உலகத்தை நான் இனி நேசிக்காதபடி செய் என்று வேண்டுகிறார். ஆசை போய்விட்டவருக்கு அந்த வேண்டுதல் தேவைப்படாது.

நம்பவேண்டியதும் உணர்வதும் ஒரே மனத்துக்குள் இழுபறி நடத்துகின்றன, கவிதை முழுவதும் அந்த இழுபறிதான். ‘பியூரிட்டன் நம்பிக்கை’ என்று தலைப்புப் போட்டு அதைத் தட்டையாக்கிவிட்டால் வீடு இழந்த பெண் காணாமல் போய்விடுகிறார். யாருக்காக எழுதினார் என்பதும் முக்கியம். 1650-இல் லண்டனில் வந்த அவருடைய முதல் புத்தகத்தை அவருடைய மைத்துனர் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் அச்சிட்டார். வீடு எரிந்த கவிதையோ அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை, குடும்பத்துக்குள் இருந்த தாள். யார் பார்வைக்கும் வேடம் போடவேண்டிய அவசியம் அதில் இல்லை.

வரிகளின் சொல்வரிசை முன்பின்னாக இருப்பதைக் கண்டு பிள்ளைகள் மிரளுகிறார்கள். எழுவாய் எது, பயனிலை எது என்று முதலில் தேடிப்பிடித்து, மற்றதைக் கொண்டுகூட்டிப் பொருள் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்ச் செய்யுள் படித்த பெற்றோர் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரலாம்.

காலகட்டப் பெயரை விளக்கமாக நினைப்பது

பாடப்புத்தகம் பியூரிட்டன் காலம், பகுத்தறிவுக் காலம், ரொமாண்டிக் காலம் என்று பெட்டி போட்டுத் தருகிறது. பெட்டி ஒழுங்குக்காக மட்டும்தான். பிள்ளைகள் அதையே காரணமாக்கிவிடுகிறார்கள். ‘பியூரிட்டன் என்பதால் எட்வர்ட்ஸ் கடவுளைப் பற்றிப் பேசினார், பகுத்தறிவாளர் என்பதால் ஃபிராங்க்ளின் அறிவியல் பேசினார்’ என்று எழுதுகிறார்கள். ஏதோ ஒருவர் இறந்து நூறு வருடம் கழித்து மற்றவர் பிறந்ததுபோல்.

போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் பிறந்தது 1703-இல். அறிவியலாளரும் விடுதலைப் போர்க்காலத் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிறந்தது 1706-இல். மூன்றே ஆண்டு வித்தியாசம். எட்வர்ட்ஸ் நியூட்டனையும் தத்துவவாதி ஜான் லாக்கையும் படித்தவர். இருபது வயதில், சிலந்திகள் நூலைக் காற்றில் விட்டு மிதந்து பறப்பதைக் கூர்ந்து கவனித்து நீண்ட கடிதம் எழுதியவர். பின்னாளில் பிரசங்கத்தில் பாவியை நெருப்புக்கு மேலே தொங்கும் சிலந்தியாகக் காட்டியவரும் அவரேதான். 1758-இல் அவர் இறந்ததே பெரியம்மைக்குத் தடுப்பு குத்திக்கொண்டதன் பின்விளைவால். அந்தப் புது மருத்துவ முறையை ஏற்று, கையை நீட்டியவர் அவர். மறுபக்கம் ஃபிராங்க்ளின், 1736-இல் நான்கு வயது மகனை அதே பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். பிள்ளைக்குத் தடுப்பு குத்தாமல் விட்டதற்காகப் பல காலம் வருந்தியதாகத் தன்வரலாற்றில் எழுதினார். இந்த இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவரால் ‘அவர் மதம், இவர் அறிவியல்’ என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டில் செய்த பிரசங்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் தேர்வில் அதிகம் அடிபடுவது அதுதான். கோபமுள்ள ஒருவர் மேடையில் நின்று கத்துவதாகப் பிள்ளைகள் கற்பனை செய்துகொள்கிறார்கள். எட்வர்ட்ஸ் குரலை உயர்த்திப் பேசும் பிரசங்கியார் அல்ல. அன்று கத்தியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். பிரசங்கம் முடிவதற்குள்ளேயே கூடம் முழுவதும் அழுகையும் கூக்குரலும் எழுந்ததாக அங்கே இருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்ற போதகர் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1740-களின் மத எழுச்சி அலைக்குள் நடந்த நிகழ்ச்சி இது. வின்த்ரப் கப்பலில் வந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது.

பாடப்புத்தகத்தில் வருவது பெரும்பாலும் பிரசங்கத்தின் பின்பாதியிலிருந்து வெட்டியெடுத்த பகுதி. சிலந்தி, வளைத்த வில், அணையில் தேங்கிய வெள்ளம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. முழுதாகப் படித்தால் ஒரு கட்டுமானம் தெரியும். முதலில் உபாகமத்திலிருந்து ஒரு வசனம். அதிலிருந்து எடுத்த ஒரு கருத்து. அந்தக் கருத்தை நிறுவ எண் போட்டுப் பத்துக் காரணங்கள். இதுவரை பேச்சு பெரும்பாலும் ‘அவர்கள்’, ‘பொல்லாதவர்கள்’ என்றே போகிறது. அதன்பிறகு நடைமுறைக்குப் பொருத்திக்காட்டும் பகுதி வருகிறது, அங்கே ‘அவர்கள்’ மறைந்து ‘நீங்கள்’ வந்துவிடுகிறது. யாரையோ பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று பேச்சு தங்கள்மேல் திரும்பிவிட்டதை உணர்கிறது. வெட்டிய பகுதியை மட்டும் படித்தவருக்கு இந்தத் திருப்பம் கண்ணிலேயே படாது. முடிவில் அவர் கதவை மூடவும் இல்லை. இன்று திறந்திருக்கிறது, வாருங்கள் என்று அழைக்கிறார். பயமுறுத்துவது நோக்கமல்ல, அந்த அழைப்புக்கு எழுந்து வரவைப்பதுதான் நோக்கம்.

நடந்த தேதியும் எழுதிய தேதியும்

வர்ஜீனியாவின் விடுதலைத் தலைவர் பேட்ரிக் ஹென்றி 1775 மார்ச் 23 அன்று ரிச்மண்டில் ஒரு தேவாலயத்தில் பேசிய பேச்சு, விடுதலையைக் கொடு அல்லது சாவைக் கொடு என்று முடிவது, எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அதை யாரும் சொல்லுக்குச் சொல் குறித்துவைக்கவில்லை. நாம் படிக்கும் வடிவம், வில்லியம் வர்ட் என்பவர் கேட்டவர்களின் நினைவுகளைத் திரட்டி, 1817-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் வருவது. நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. ‘இந்தச் சொல்லை ஹென்றி இதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்’ என்று அடித்துச் சொல்லும் கட்டுரை மணலில் நிற்கிறது. ‘நமக்குக் கிடைத்துள்ள வடிவத்தில்’ என்று ஒரு தொடர் சேர்த்துக்கொண்டால் போதும், ஆய்வும் கெடாது, நேர்மையும் கெடாது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் அடிமைச் சங்கிலியைப் பற்றி எழுதும்போது, ஹென்றி தாமே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும், 1773-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அதை நியாயப்படுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டவர் என்பதையும் விட்டுவிடக் கூடாது.

வர்ஜீனியாவில் குடியேறிய ஜான் ஸ்மித்தை, பூர்வகுடித் தலைவரின் மகள் போக்கஹாண்டஸ் சாவிலிருந்து காப்பாற்றிய கதையும் இப்படித்தான். 1608-இல் வந்த ஸ்மித்தின் முதல் விவரணையில் அது இல்லை. 1624-இல் எழுதிய பெரிய வரலாற்றில்தான் முழுக் கதையாக வருகிறது. அங்கே ஸ்மித் தன்னையே ‘அவர்’ என்று படர்க்கையில் எழுதுகிறார். ஏன் பதினாறு ஆண்டு கழித்து, ஏன் படர்க்கையில் என்று கேட்டாலே ஒரு நல்ல கட்டுரைக்கு வழி கிடைத்துவிடும்.

ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றில், பதின்மூன்று நற்பண்புகளைப் பழகத் திட்டம் போட்ட பகுதியை இளைஞன் ஒருவனின் உற்சாகமான திட்டமாக மட்டும் வாசிக்கிறார்கள். திட்டம் போட்டது இளமையில். எழுதியது 1784-இல், பிரான்ஸில், எழுபத்தெட்டு வயதுக் கிழவராக. அந்த இடைவெளியில் அவருக்குத் தன் இளமையைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்துவிட்டது. தான் பூரணத்தை எட்டியதாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. ஒழுங்காகப் பொருள்களை வைப்பது கடைசிவரை வரவே இல்லை என்கிறார். பணிவு என்ற பண்பு பட்டியலில் சேர்ந்ததே, நீ கர்வக்காரன் என்று ஒரு குவேக்கர் நண்பர் சொன்ன பிறகு. இந்தச் சிரிப்பைக் கேட்காமல், தன்னம்பிக்கை நூல் எழுதியவர்போல் அவரை ஆக்கிவிடுவது பெரிய இழப்பு.

ஒரு சின்ன நடைமுறைக் குறிப்பும் உண்டு. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு சட்டப்படி பிறந்தது மார்ச் 25 அன்று. அதனால் ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகள் பழைய நூலில் ஓர் ஆண்டு பின்தங்கியிருக்கும். பூர்வகுடிகளிடம் சிறைப்பட்டு மீண்ட கதையை எழுதிய மேரி ரோலண்ட்சன், தான் சிறைபிடிக்கப்பட்டது 1675 பிப்ரவரி என்று எழுதுகிறார், பாடப்புத்தகம் 1676 என்கிறது. இரண்டும் ஒரே நாள்தான்.

ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது

ரோலண்ட்சனின் நூல் 1682-இல் வந்தது. மெட்டகாம் என்ற வாம்பனோவாக் தலைவர் நடத்திய போரில் லங்காஸ்டர் என்ற ஊர் தாக்கப்பட்டபோது அவர் சிறைப்பட்டு, பதினோரு வாரம் கழித்து மீட்கப்பட்டார். மடியிலேயே ஆறு வயது மகள் இறந்துபோனாள். இதைப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு அணியாகிறார்கள். ஓர் அணி, பூர்வகுடிகள் கொடியவர்கள் என்று அவர் சொல்வதை அப்படியே வரலாறாக எழுதுகிறது. மற்றது, அவர் இனவெறியர் என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடுகிறது.

அவர் எழுத்திலேயே அவர் தீர்ப்புக்கு எதிரான சாட்சி கிடக்கிறது. மெட்டகாம் தன் பையனுக்கு ஒரு சட்டை தைத்துத் தரச் சொல்லி, அதற்கு ஒரு ஷில்லிங் கொடுக்கிறார். பிறகு சாப்பிடக் கூப்பிடுகிறார். கோதுமையில் செய்து கரடிக் கொழுப்பில் பொரித்த ஒரு சிறு அப்பம் தருகிறார். வாழ்நாளில் அதைவிட ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்று தோன்றியதாக ரோலண்ட்சனே எழுதுகிறார். ‘காட்டுமிராண்டிகள்’ என்ற சொல்லும் இந்த அப்பமும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. அந்த முரணை விளக்குவதுதான் கட்டுரை. அந்தப் போர் ஏன் வந்தது, நிலம் எப்படிக் கைமாறிக்கொண்டிருந்தது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சேர்க்கவேண்டும்.

ஃபிலிஸ் வீட்லிக்கு நடக்கும் அநியாயம் இதைவிடப் பெரிது. 1761-இல், பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த வயதில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட சிறுமி. அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். 1773-இல் அவருடைய கவிதை நூல் லண்டனில் அச்சானபோது, இவற்றை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்று ஒன்றும் சேர்த்து அச்சிடவேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது பற்றிய எட்டு வரிக் கவிதையைப் படித்துவிட்டு, ‘அடிமைத்தனத்துக்கு நன்றி சொல்கிறார்’ என்று முடித்துவிடுகிறார்கள். முதல் வரியில் ‘கருணை’ என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏழாம் வரியில் அவர் கிறித்தவர்களை நிறுத்தி, நினைவில் வையுங்கள் என்று கட்டளை இடுகிறார். அடிமைப்பெண் ஒருத்தி எஜமானர் வர்க்கத்துக்கு வேதம் கற்பிக்கிறார்! தம்மை நம்பாத வாசகர்கள்முன், அவர்கள் அனுமதியோடுதான் பேசமுடியும் என்ற நிலையில் எழுதியது அது.

அந்த ஒரு கவிதையோடு நிறுத்தக்கூடாது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் டார்ட்மத் பிரபுவுக்கு எழுதிய கவிதையில், பெற்றோரிடமிருந்து தான் பிடுங்கப்பட்டதைச் சொல்லி, தந்தையின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்று கேட்கிறார். 1774-இல் மொஹீகன் இனத்துப் போதகர் சாம்சன் ஆக்கமுக்கு எழுதிய கடிதத்தில், விடுதலை வேட்கையைக் கடவுளே மனித நெஞ்சில் வைத்தார் என்கிறார். விடுதலை விடுதலை என்று முழங்கிக்கொண்டே மற்றவர்களை அடக்கி ஆள்பவர்களின் முரணையும் சுட்டிக்காட்டுகிறார். அப்போது அவர் விடுவிக்கப்பட்டிருந்தார். மூன்றையும் சேர்த்துப் படித்த பிறகு எழுதட்டும்.

பூர்வகுடி இலக்கியத்தில் இரண்டே எச்சரிக்கை. முதலாவது, ‘செவ்விந்தியர் நம்பிக்கை’ என்று ஒட்டுமொத்தமாக எழுதாமல் எந்த மக்களுடையது என்று பெயர் சொல்லவேண்டும். ஆமை முதுகில் உலகம் உருவான கதை ஹோடனோஷோனி மக்களுடையது, இரோக்வாய் என்று பாடப்புத்தகம் சொல்லும் ஆறு இனங்களின் கூட்டமைப்பு. நவஹோக்களின் தோற்றக் கதை முற்றிலும் வேறு. இரண்டாவது, முதல் அத்தியாயத்தில் வருவதால் அச்சிட்ட வடிவமும் 1492-க்கு முந்தையது என்று நினைக்கக் கூடாது. டஸ்கரோரா இனத்தவரான டேவிட் குஸிக் ஆறு இனங்களின் பழங்கதைகளை எழுதி அச்சிட்டது 1820-களின் பிற்பகுதியில். அந்த மக்கள் இன்றும் நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வாழ்கிறார்கள், அந்தக் கதைகளைச் சொல்கிறார்கள். ‘நம்பினார்கள்’ என்று இறந்தகாலத்தில் எழுதுவதே தவறு.

உத்தி வேட்டை

இப்போது கட்டுரைக்கு வருவோம். ‘ஆசிரியர் உவமை, உருவகம், திரும்பக் கூறல் ஆகியவற்றைப் பயன்படுத்தித் தம் கருத்தை வலியுறுத்துகிறார்’ என்பது எந்த நூலுக்கும் பொருந்தும் வாக்கியம், அதனால் எந்த நூலைப் பற்றியும் எதுவும் சொல்லாத வாக்கியம். ஈத்தாஸ் (பேசுபவரின் நம்பகம்), பேத்தாஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்று மூன்று பத்தி எழுதுவதும் அதே நோய்தான். பதினோராம் வகுப்பில் பலர் எடுக்கும், கல்லூரித் தரத்திலான ஏபி ஆங்கில மொழித் தேர்வில் கட்டுரைக்கு 6 புள்ளி. மையக்கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1. உத்தியின் பெயரைச் சொல்வதற்கென்று தனியாக எதுவும் இல்லை. அந்த 4 புள்ளியும் ‘இது இந்தக் கூட்டத்தின்மேல் என்ன வேலை செய்தது’ என்று விளக்குவதில்தான் இருக்கிறது.

எட்வர்ட்ஸ் உருவகம் பயன்படுத்தினார் என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘அவர்கள்’ என்பதிலிருந்து ‘நீங்கள்’ என்பதற்கு மாறும் இடத்தைக் காட்டி, தேவாலயத்துக்கு ஒழுங்காக வந்துகொண்டிருப்பதாலேயே பத்திரமாக இருப்பதாக நினைத்த மக்களின் நிம்மதியை அந்த மாற்றம் எப்படி உடைத்தது என்று எழுதினால், அது படித்தவர் எழுதிய கட்டுரை. உத்தியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அமெரிக்கா பிரிட்டனிலிருந்து பிரிவதாக 1776-இல் அறிவித்த விடுதலைப் பிரகடனத்தை இரண்டாம் வாக்கியத்தோடு விட்டுவிடுவதும் இதனால்தான் நடக்கிறது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியில் அழகு இருக்கிறது, சரி. ஆனால் ஆவணத்தின் உடல் அதற்குப் பின்னால் வரும் குற்றப்பட்டியல்தான். ‘அவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்’ என்று வழக்கறிஞர் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல பிரிட்டிஷ் அரசர்மேல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. கேட்கவேண்டிய நடுவராக உலகத்தை அழைக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசிக் குற்றச்சாட்டில் பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. அடிமை வணிகத்துக்காக அரசரைக் குற்றம்சாட்டி பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் வரைவில் சேர்த்த பகுதியைக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் வெட்டிவிட்டது. சமத்துவ வரியை இவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த வரிக்காக மக்கள் பின்னால் ஏன் அவ்வளவு போராடவேண்டியிருந்தது என்று தெரியும்.

அப்படிப் போராடியவர்களில் ஒருவரின் கடிதத்தைக் கட்டாயம் படிக்கச் சொல்வேன். மேரிலாந்தைச் சேர்ந்த சுதந்திரக் கறுப்பரும் வானியல் கணிதம் தானே கற்றவருமான பெஞ்சமின் பானெக்கர், 1791 ஆகஸ்டில் அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சனுக்கே எழுதினார். பிரிட்டனின் கொடுங்கோன்மையின்கீழ் நீங்கள் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள் என்று தொடங்கி, சமத்துவ வரியை எழுதியவரிடமே அதை எடுத்துக்காட்டி, அதே கொடுமையை என் சகோதரர்களுக்குச் செய்துகொண்டிருக்கிறீர்களே என்று கேட்கிறார். முழுக்க முழுக்க மரியாதையான நடை, ‘ஐயா’ என்ற விளி பத்திக்குப் பத்தி வருகிறது. அந்த மரியாதைக்குள்ளேயே குற்றச்சாட்டு இருக்கிறது. யார், யாரிடம், எந்த நிலையில் நின்று பேசுகிறார் என்று பார்க்கப் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வெட்டிய பகுதிகளை மட்டும் நம்பவேண்டிய காலமும் இது இல்லை. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன் ஆகியோரின் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்வர்ட்ஸின் எழுத்துகளை யேல் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ் மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. ரோலண்ட்சனும் ஃபிராங்க்ளினின் தன்வரலாறும் ‘ப்ராஜெக்ட் குட்டன்பர்க்’ தளத்தில் இருக்கின்றன. பானெக்கரின் கடிதத்துக்கு அதே மாதம் 30-ஆம் தேதி ஜெஃபர்சன் எழுதிய சின்னப் பதிலும் ஆவணக்காப்பகத் தளத்தில் உண்டு. கடிதத்தையும் பதிலையும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு மாலையில் சத்தமாகப் படித்துவிடலாம். பானெக்கர் கேட்டவற்றில் எதற்கெல்லாம் அந்தப் பதிலில் விடை இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிள்ளையையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.